நிமிஷத்துக்கு ஒரு கை

நாடி எண்ணுகிறவன் ஆயிரம் பேருடைய கையைப் பிடிக்கலாம், ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஒத்தக்கடை, திருவாதவூர், வில்லாபுரம் என்று மதுரையைச் சுற்றி வாரம் ஓர் இடத்தில் முகாம் போடுவோம். கண், காது, பல், மார்பு எல்லாம் டாக்டர் பார்ப்பார். என் வேலை கையைப் பிடிப்பது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிஷம் நாடியை எண்ணுவேன். பிறகு முழங்கால் உயரப் பெஞ்சில் அவன் இருபது தடவை மளமளவென்று ஏறி இறங்குவான். நின்றதும் ஒரு தடவை எண்ணுவேன், இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. மூன்று எண்களையும் ரிஜிஸ்தரில் எழுதிவிட்டால் என் பங்கு முடிந்தது. நெஞ்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பெரிதில்லை, ஓடிவிட்டு எவ்வளவு சீக்கிரம் தன் நிலைக்கு வருகிறது என்பதைப் பார் என்பார் டாக்டர்.

எண்ணும்போது பேசக்கூடாது. பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருடைய கையைப் பிடித்திருப்பேன், ஆனால் யாரோடும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர்கள், தபாலாபீசில் நாளெல்லாம் முத்திரை குத்தியவர்கள், ரயிலடியில் சிக்னல் விளக்கோடு நின்றவர்கள், இப்படிக் கூட்டத்துக்கு நடுவே ஒற்றையாக உட்கார்ந்து காலம் தள்ளிய உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

காளைகளின் பெயர்

வேலையில் சேர்ந்த முதல் வாரம். திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளவட்டம் வந்தான். கையைப் பிடித்தால் நாடி நூற்று இருபதைத் தாண்டி ஓடுகிறது. இன்னும் பெஞ்சில் ஒரு படிகூட ஏறவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பயம். கால் ஓடினால்தான் நெஞ்சு ஓடும் என்று யார் சொன்னது? நாலு வார்த்தை பேச்சுக் கொடுத்துவிட்டு அப்புறம் எண்ணு" என்றார்.

பேச்சுக் கொடுக்கும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. என்ன கேட்பதென்று தெரியாமல், வீட்டில் மாடு இருக்கிறதா என்றேன். ஒரு ஜோடி காளை இருக்கிறது என்றான். பெயர் என்ன என்றேன். ஒன்று செவலை, மற்றது மயிலை. செவலைக்குக் கொம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், மயிலைக்கு இவன் கையால் வைத்தால்தான் வைக்கோல் இறங்கும். சொல்லிக்கொண்டே வந்தவன் கை என் விரலுக்கடியில் தளர்ந்தது. எண்ணினேன், எழுபத்தாறு. பெஞ்சிலும் நன்றாக ஏறி இறங்கினான். இரண்டு நிமிஷத்தில் நாடி மறுபடி எழுபத்தாறு. முதல் தரமான நெஞ்சு. எழுதிக்கொண்டு, உள்ளே டாக்டரிடம் போ என்றேன். அவன் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"அண்ணே, நீங்க காளையப் பத்திக் கேட்டதும் அதுக நெனப்பு வந்திருச்சு. நான் வீட்டுக்கே போயிறவா?"

நின்றுபோன வாட்ச்

ஒத்தக்கடை முகாமில் ஒரு நாள் கறுத்து மெலிந்த ஆள் ஒருவர் வரிசையில் வந்தார். நாடி பிடித்தேன். ஒரு அடி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு அடி. நடுவில் இருந்த இடைவெளியில் எனக்கு வாட்ச் மேல் சந்தேகம் வந்து, அதைக் காதில் வைத்துக் கேட்டேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு. ஆனால் ஒவ்வோர் அடியும் விரலைத் தூக்கிப் போட்டது. பெஞ்சில் ஏறி இறங்கியும் எண்பதைத் தொடவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் பழைய நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். தபால் பை சுமந்து ஓடுகிற வேலை. மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்குத் தினமும் ஓட்டமும் நடையுமாய்ப் போய் வருவது.

டாக்டர் வெகுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பில் வைத்திருந்தார். "சின்னக் கிண்ணத்தால் நூறு தடவை மொள்ளுவதைப் பெரிய வாளியால் ஐம்பது தடவை மொண்டுவிடலாம். வருஷக்கணக்காக ஓடி ஓடி இவர் நெஞ்சு வாளியாகிவிட்டது. இருபது வயதுக்காரன் நெஞ்சு" என்று எனக்கு விளக்கினார். ஆனால் மனுஷர் நரையை மறைக்கத் தலைக்குக் கரி பூசியிருந்தார். வியர்வையில் அது காதோரமாக வழிந்துவிட்டது. வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. பட்டாளத்தில் சேர இந்த வயதில் என்ன அவசரம் என்று கேட்டதற்கு, மகன் போன வருஷம் சேர்ந்தான், நானும் போனால் எங்கேயாவது பார்க்கலாம் அல்லவா என்றார். பர்மா எங்கே இருக்கிறது, எகிப்து எங்கே இருக்கிறது என்று நாங்கள் இருவரும் அவருக்குச் சொல்லவில்லை. வயது கூடிவிட்டது என்று மட்டும் டாக்டர் சொன்னார். அவர் என்னைப் பார்த்து நியாயம் கேட்டார்:

"நெஞ்சுக்கு இருவது வயசுன்னு நீங்களே சொல்றீக. தலமுடிக்கு எம்புட்டு வயசா இருந்தா ஒங்களுக்கு என்னங்க?"

பயில்வான்

டவுனிலிருந்து பயில்வான் ஒருவர் கூட்டாளிகள் புடைசூழ வந்தார். சட்டையைக் கழற்றியதும் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். புஜம் ஒவ்வொன்றும் என் தொடை அளவு. யானைமலை அடிவாரம் வரை ஓடிப்போய்த் திரும்பி வரும்படி அன்றைக்கு எல்லாரையும் டாக்டர் அனுப்பினார். முதலில் வந்தவன் கிணறு வெட்டுகிற ஒரு நோஞ்சான். பயில்வான் கடைசிக்கு முந்தி வந்து, ஆலமரத்து வேரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நிமிஷம் கழித்தும் நாடி நூற்று நாற்பதில் நின்றது. பாரம் தூக்குகிற சதை வேறு, மூச்சுப் பிடித்து ஓடுகிற நெஞ்சு வேறு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கூட்டாளிகளுக்குக் கேட்காதபடி என் காதுக்குள் சொன்னார்:

"கம்பவுண்டரே, வயித்து வலின்னு எழுதிக்கிருங்க. நெஞ்சுன்னு எழுதிராதீக, டவுனுக்குள்ள நான் நடக்க முடியாது."

இரட்டையர்

வில்லாபுரத்தில் ஒரே அச்சாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். ராமன், லட்சுமணன். இரட்டைப் பிள்ளை பிறந்தால் நம்மவர்கள் வேறு பெயரை யோசிப்பதில்லை. ராமன் அப்பாவோடு வயலில் கிடந்தவன். லட்சுமணன் பதினாலு வயதிலிருந்து டவுனில் ஜவுளிக் கடைத் திண்டில் உட்கார்ந்து துணி அளந்தவன். முகத்தில், உயரத்தில், நடையில் ஒரு வித்தியாசம் கிடையாது. கையைப் பிடித்தால்தான் தெரிந்தது. ராமனுக்கு அறுபத்து நாலு, லட்சுமணனுக்குத் தொண்ணூறு. பெஞ்சில் ஏறி இறங்கியபின் ராமன் சிரித்துக்கொண்டு நின்றான். லட்சுமணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அண்ணனை எடுத்துக்கொண்டு, தம்பியை இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். "ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்த நெஞ்சு. பிறப்பில் குறை இல்லை, உட்கார்ந்தே கெடுத்திருக்கிறாய். தினமும் ஓடு" என்றார்.

தம்பி டவுனில் வேலை பார்த்தாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவான், பிறந்ததிலிருந்து இருவரும் ஒரு நாள்கூடப் பிரிந்து படுத்ததில்லையாம். அண்ணன் ரயிலேறின மறுநாளே தம்பி கடையை விட்டுவிட்டான். கண்மாய்க்கரையை விடிகாலையில் ஒரு சுற்று, அப்புறம் இரண்டு சுற்று, அப்புறம் நாலு. சொன்னபடி இரண்டு மாதத்தில் வந்தான். உட்கார்ந்த நாடி அறுபத்தெட்டு. ஏறி இறங்கி இரண்டு நிமிஷத்தில் எழுபது. ரிஜிஸ்தரைப் புரட்டி அண்ணனுடைய வரியைக் காட்டினேன். கிட்டத்தட்ட அதே எண்கள். அந்த வரியின்மேல் விரலை வைத்தவன் எடுக்கவில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்பதெல்லாம் எங்களுக்கு வருவதில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்ணே. அவென் போன எடத்துக்கே என்னையும் எழுதிவிடுங்க, வேற எங்கிட்டும் எழுதிறாதீக."

இமைக்கு உள்ளே

பண்ணையில் கூலிக்கு உழுகிற ஒரு வாலிபன். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பட்டாளத்துக்குப் போனால் சோறு உண்டு, யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று வந்திருந்தான். உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறு. பெஞ்சில் பத்தாவது தடவை ஏறும்போது கண் இருண்டு உட்கார்ந்துவிட்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் மார்பில் வைத்துப் பார்த்தார், நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை. மூச்சும் சுத்தம். பிறகு கட்டைவிரலால் அவன் கீழ் இமையை இழுத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது.

வெறுங்காலோடு வயல் சேற்றில் நிற்பவர்களுக்கு வயிற்றில் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடித்துவிடும். ரத்தம் நீர்த்துப்போனால் நெஞ்சு என்னதான் அடித்தாலும் கைக்கும் காலுக்கும் போதாது, அதனால் இன்னும் வேகமாக அடிக்கும். இதை அவனுக்குப் புரிகிற மாதிரி டாக்டர் சொன்னார். புழு மருந்துக்கும் இரும்புச் சத்து மருந்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாலிபன் சீட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அப்ப நான் சோம்பேறி இல்லைங்களா? இத்தன வருசமா பண்ணைல எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானும் அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

தண்ணீர்க் குடம்

மறுபடி வில்லாபுரம். முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் புருஷன் அன்றைக்கு வரிசையில் நின்றான். எல்லாச் சோதனையிலும் தேறி, பெயரும் எழுதியாயிற்று. கண்மாயிலிருந்து முகாமுக்கு நூறு தப்படி இருந்தால் அதிகம். அதற்குள் அவள் மூன்று இடத்தில் குடத்தை இறக்கிவைத்து நின்றாள். நிற்கும்போது ஒரு கை இடுப்பில், ஒரு கை நெஞ்சுக்குழியில். வரிசையில் இருந்தவன் கையை விட்டுவிட்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நிற்றலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

பெண்ணைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. இருந்தாலும் டாக்டரிடம் கெஞ்சினேன். புருஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்த்தார். சிறுபிள்ளையில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார், வந்தது என்றாள். அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இருக்கிற கதவைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. உழைக்கும்போது உடம்பு கேட்கிற ரத்தம் அந்தச் சந்து வழியே வராது, மூச்சு முட்டும். பாரம் தூக்கக்கூடாது, பிள்ளை உண்டானால் முதல் மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். புருஷன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு என் மேஜைக்கு வந்து, தன் பெயர் எழுதியிருந்த வரியைக் காட்டி, அடித்துவிடும்படி சொன்னான்.

"நான் போகலைங்க. நான் போயிட்டா கொடத்த யாரு தூக்குறது?"

பதினெட்டுப் படி

அப்படிப்பட்ட நிற்றலை முன்பே பார்த்திருக்கிறேன் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு டவுனில் ஒரு மருந்துக் கடையில் மருந்து கலந்துகொண்டிருந்தேன். வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியறை. பதினெட்டுப் படி. என் மனைவி பார்வதி நல்ல சிவப்பு. கன்னத்தில் எப்போதும் ரத்தம் கட்டினாற்போல் ஒரு நிறம் இருக்கும். அதுவும் நோயின் அடையாளம் என்று தெரியாமல் அழகு என்றுதான் நினைத்திருந்தேன். படியேறும்போது ஒன்பதாவது படியில் நிற்பாள். ஒரு கை சுவரில், ஒரு கை நெஞ்சுக்குழியில். நான் மேலே நின்று, "வீட்டில் வேலை செய்து பழகியிருந்தால் இப்படி வருமா?" என்று கேட்பேன். தினமும் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் முழங்கால் வீங்கி மாதக்கணக்கில் படுத்திருந்ததாக அவள் சொன்னதை ஏதோ பழைய கதை என்று விட்டுவிட்டேன். மருந்து கலக்கத் தெரிந்த எனக்கு ஒரு கையைப் பிடித்து எண்ணத் தெரியவில்லை.

ஆறு மாதக் கர்ப்பத்தில் மேலூரில் அவள் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இருபது நாளில் ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வில்லாபுரத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்த அன்றைக்கு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டாக்டரிடம் இதைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அதற்காக அவரிடம் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. பஸ் வருவதைப் பார்த்துவிட்டு, அவள் படியில் நிற்கும்போது என்ன சொல்வாள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்:

"நீங்க முன்னால போங்க. நான் பைய வாரேன்."

டாக்டரின் நாடி

அறுப்புக் காலத்தில் முகாமுக்கு ஆள் வராது. அப்படி ஒரு நாள், டாக்டர் தன் கையை என்னிடம் நீட்டினார். தொந்தி உள்ளவர், ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவர். பெஞ்சில் இருபது தடவை ஏறச் சொன்னேன், பன்னிரண்டில் நிறுத்தினார். நாடி நூற்று ஐம்பதுக்கு மேல். இரண்டு நிமிஷம் கழித்தும் நூற்று முப்பது, நடுவே ஒன்றிரண்டு அடி தவறித் தவறி விழுந்தது. உள்ளதைச் சொல்வதா என்று தயங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "வந்தவனாக இருந்தால் என்ன எழுதுவாய்?" என்றார். திருப்பி அனுப்பிவிடுவோம் என்றேன். மறுநாள் காலையில் என் அறைக்குக் கீழே வந்து நின்று, நடக்க வருகிறாயா என்று கூப்பிட்டார். அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு ஒற்றையில் இருந்தவர்தான்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோம். முதல் வாரம் ஒரு சுற்றுக்கு நாலு தடவை படிக்கட்டில் உட்கார்ந்தார். மாதம் போகப் போக உட்காருவது நின்றது, சிகரெட் குறைந்தது, பேச்சு கூடியது. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே நல்ல வேகம் என்பார். அவர் மகள் பரீட்சை எழுதுவது, அவர் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் அவர் பெஞ்சில் இருபது தடவை ஏறி இறங்கினார். இரண்டு நிமிஷத்தில் நாடி எண்பத்து நாலுக்கு வந்தது. வாட்சை நான் அவரிடம் காட்டினேன், இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அடுத்த வாரமே வடக்கே எங்கோ மாற்றல் உத்தரவு வந்தது. ரயிலடியில் ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்து, வண்டி நகரும்வரை எண்ணினார். அறுபத்தாறு என்றார். பிறகு:

"விட்டுவிடாதே. மாதக்கணக்கில் சம்பாதித்தது மூன்றே வாரத்தில் போய்விடும், நெஞ்சு அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும்."

நான் பத்து நாள் போனேன். பேச்சுத் துணையில்லாமல் தெப்பக்குளம் இரண்டு மடங்கு நீளமாகிவிட்டது. அப்புறம் போகவில்லை.

எழுபத்திரண்டு

புதிதாக வந்த டாக்டர் அவசரக்காரர். கடைசி எண்ணிக்கை வேண்டாம், நேரம் போகிறது என்று நிறுத்திவிட்டார். அவர் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், ஒத்தக்கடை முகாமுக்கு நடுவயது அம்மாள் ஒருத்தி வந்தாள். திருவாதவூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். ஒரே மகன் ஆண்டிச்சாமி, போய் ஒரு வருஷம் ஆகிறது. மாசம் தவறாமல் வந்த கடுதாசி ஐந்து மாதமாக வரவில்லை. எந்த ஆபீசில் கேட்டாலும் வேறு ஆபீசைக் கைகாட்டுகிறார்கள். கடைசியில் அவனைப் பார்த்து, தொட்டு அனுப்பியவர்களிடமே கேட்போம் என்று எங்களைத் தேடி வந்திருக்கிறாள். எங்களிடம் என்ன இருக்கிறது? ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், ஊர், மூன்று எண்கள். எழுபத்திரண்டு, நூற்று நாலு, எழுபத்து நாலு. நல்ல நெஞ்சு அம்மா, ஓடினாலும் உடனே நிலைக்கு வந்துவிடுகிற நெஞ்சு என்றேன். எழுபத்திரண்டு என்றால் என்ன என்று கேட்டாள்.

வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே நடுவிரலால் பெஞ்சுப் பலகையில் தட்டினேன், நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. டொக், டொக், டொக். இப்படித்தான் அம்மா, இங்கே உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு அடித்தது. அவள் தரையில் உட்கார்ந்து, பலகையில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முகாமில் ஈ காக்கை இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பஸ் நின்று, புறப்பட்டுப் போனது. மகன் திரும்பி வந்தானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அனுப்பியதற்குத்தான் ரிஜிஸ்தர் இருந்தது, வந்ததற்கு இல்லை. அவளும் அப்புறம் வரவில்லை, நல்ல சேதி கிடைத்ததால் வராமல் இருந்தாளா, இல்லையா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு நிமிஷம் முடிந்து விரலை எடுத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இன்னொரு நிமிசம் தட்டுங்கய்யா."

யுத்தம் முடிந்தது, முகாமைக் கலைத்தார்கள், ரிஜிஸ்தர்களை மூட்டையாகக் கட்டி எங்கோ அனுப்பினார்கள். படியேறினாலும், பயந்தாலும், பிரியமானவர்கள் பக்கத்தில் வந்தாலும் மனுஷ நெஞ்சு ஓடத்தான் செய்யும் என்று இத்தனை பேர் கையைப் பிடித்துத் தெரிந்துகொண்ட எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரும் பக்கத்தில் இல்லாமலே அது இப்படி ஓடுவதற்கு மட்டும் நான் கலந்து குடிக்க எந்த டாக்டரும் ஒரு மருந்துச் சீட்டு எழுதவில்லை.